பெட்டியடியில் உட்காராத பேராசிரியர்கள்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அ, ஆ சொல்லித்தர வேண்டுமென்றால் ஆசிரியர் பயிற்சி முடித்திருக்க வேண்டும், அதற்கு மேல் டெட் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்த பி.எட். வேண்டும். அதே பிள்ளை ப்ளஸ் டூ முடித்துவிட்டுக் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்தால், அங்கே பாடம் எடுக்கும் உதவிப் பேராசிரியருக்கு வேண்டியது முதுகலைப் பட்டமும் நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியும், இல்லையென்றால் பிஎச்.டி.யும்தான். அவருக்குப் பாடம் நடத்த வருமா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. நெட் முதல் தாளின் பத்து அலகுகளில் ஒன்று கற்பித்தல் திறன். நாலு விடையில் ஒன்றைக் குறிப்பதோடு அந்தச் சோதனை முடிந்துவிடுகிறது. நேர்காணலில் பத்து நிமிஷம் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லும் நிர்வாகங்கள் உண்டு, ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பது மாணவர்கள் இல்லை, ஏற்கெனவே அந்தப் பாடம் தெரிந்த பேராசிரியர்கள்.

இதைப் பற்றி நம் ஊரில் பெரிதாக யாரும் கவலைப்பட்டதில்லை. பாடம் தெரிந்தவருக்கு நடத்தவும் தெரியும் என்ற நம்பிக்கைதான் காரணம். கல்லூரிக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பேராக இருந்த காலத்தில் அது ஓரளவு ஓடியது. வாத்தியார் மஞ்சளாகிப்போன நோட்டைப் பார்த்து வாசித்தாலும், வீட்டில் படித்த அண்ணனோ மாமாவோ இருந்தார், பிள்ளைகள் ஒப்பேற்றிக்கொண்டார்கள். இன்றைக்குக் கல்லல், சாக்கோட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து டவுன் பஸ் பிடித்து வரும் பிள்ளைகளில் நிறையப் பேர் வீட்டின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள். பள்ளியில் படித்தது தமிழில், கல்லூரியில் கையில் கொடுக்கும் புத்தகம் ஆங்கிலத்தில். வகுப்பில் அந்த ஒரு மணி நேரம் என்ன நடக்கிறதோ அதுதான் இவர்களுக்குக் கிடைக்கும் கல்வி. வீட்டுக்குப் போய்க் கேட்க ஆள் கிடையாது.

சரி, அரசாங்கம் இதை யோசிக்கவே இல்லையா என்றால், யோசித்திருக்கிறது. 1964 முதல் 1966 வரை உட்கார்ந்த கோத்தாரி கல்விக் கமிஷனே, புதிதாக வேலைக்குச் சேரும் கல்லூரி ஆசிரியர்களுக்கு முறையான அறிமுகப் பயிற்சி வேண்டும், பெரிய பல்கலைக்கழகங்கள் இதற்கென்று நிரந்தர அமைப்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டது. காரியம் நடக்க இருபது வருஷம் ஆனது. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகுதான் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்களை நாடு முழுக்கத் திறந்தது. நம் பக்கத்து ஆசிரியர்கள் மதுரைக்கும் திருச்சிக்கும் பெட்டி கட்டிக்கொண்டு போனது அப்படித்தான். புதியவர்களுக்கான அறிமுகப் பயிற்சியான ஓரியன்டேஷன் என்றால் நாலு வாரம், பாட அறிவைப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷர் என்றால் மூன்று வாரம். 2015 வாக்கில் அந்த மையங்களுக்கு மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாறியது, 2023 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கிய திட்டத்துக்கு அப்புறம் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம் என்று இன்னொரு பெயர். நடுவில் 2017இல் மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயம் வந்தது, அடுத்த வருஷமே ரெஃப்ரெஷரையும் அதில் ஆன்லைனாக எடுக்கலாம் என்றார்கள். 2020இல் கொரோனா வந்து மிச்சத்தையும் செல்ஃபோனுக்குள் கொண்டுவந்துவிட்டது.

பெயர்ப்பலகை மாறினாலும் உள்ளே இருக்கும் அமைப்பு மாறவில்லை. ஆசிரியரை அவருடைய வகுப்பிலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு போய், ஒரு கூடத்தில் உட்கார வைத்து, வேறு யாராவது அவருக்கு உரை நிகழ்த்துவார்கள். மாணவர்களைப் பேசவிட வேண்டும் என்பதைப் பற்றி இடைவெளி இல்லாமல் இரண்டு மணி நேரம் பேசுவார்கள். போய்வந்தவர்களுக்கு இந்த வேடிக்கை தெரியும். அந்த மூன்று வாரம் வீண் என்று நான் சொல்லவில்லை. ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் தன் துறையில் தான் ஒரே ஆளாக இருக்கும் ஆசிரியருக்கு, அதே பாடம் நடத்தும் நாற்பது பேரை ஒரே இடத்தில் பார்ப்பதும், நல்ல நூலகம் ஒன்றில் சாயங்காலம் உட்கார்வதும் பெரிய விஷயம். அங்கே கிடைத்த சிநேகிதர்கள் ரிட்டையர் ஆகும்வரை ஃபோனில் இருப்பார்கள். ஆனால் திங்கட்கிழமை காலை முதல் பீரியடில் அவர் வகுப்பில் என்ன மாறியது என்று கேட்டால், அதற்கு அந்தப் பயிற்சியிடம் பதில் இல்லை. அதைப் பார்க்க யாரும் போகவில்லையே.

பயிற்சிக்குப் போவதற்கான காரணமும் வகுப்பு இல்லை, பதவி உயர்வுதான். யுஜிசியின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் முதல் படி ஏற வேண்டுமென்றால், பிஎச்.டி. இருந்தால் நாலு வருஷமும், எம்.ஃபில். என்றால் ஐந்தும், இரண்டும் இல்லையென்றால் ஆறும் வேலை பார்த்திருக்க வேண்டும். கற்பித்தல் முறை பற்றிய 21 நாள் ஓரியன்டேஷன் ஒன்று முடித்திருக்க வேண்டும். அதோடு ஒரு ரெஃப்ரெஷரோ, குறைந்தது ஐந்து நாள் ஓடும் எஃப்.டி.பி. என்ற ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சியோ, சான்றிதழோடு ஓர் ஆன்லைன் படிப்போ ஏதாவது ஒன்று வேண்டும். நாள் கணக்கு, சான்றிதழ் கணக்கு. ஆகவே சந்தையும் அதற்கேற்ற மாதிரி உருவாகிவிட்டது. கேமராவை அணைத்துவிட்டுச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே ஐந்து நாள் எஃப்.டி.பி. கேட்கலாம், கடைசியில் கூகுள் ஃபார்ம் லிங்க் வரும்போது மட்டும் கவனமாக இருந்தால் போதும், சாயங்காலம் மெயிலில் சான்றிதழ் வந்துவிடும்.

இன்னொரு விதி இதைவிட சுவாரசியமானது. அதே பதவி உயர்வில் ஆசிரியரின் கற்பித்தல் பணியையும் மதிப்பிடுகிறார்கள். எப்படியென்றால், ஒதுக்கிய வகுப்புகளில் எத்தனை எடுத்தார் என்ற விழுக்காட்டை வைத்து: 80க்கு மேல் என்றால் நன்று, 70க்கும் 80க்கும் நடுவில் என்றால் திருப்தி, அதற்குக் கீழே என்றால் திருப்தி இல்லை. வகுப்புக்குப் போனாரா என்பதுதான் கேள்வி, போய் என்ன செய்தார் என்பது கேள்வியே இல்லை. வகுப்புக்கே போகாதவர்களைப் பிடிக்கப் போட்ட விதி என்பது புரிகிறது. ஆனால் ஒழுங்காகப் போகிறவர்களுக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை.

உலகத்தில் வேறு சில இடங்களில் இதைத் தலைகீழாகச் செய்துபார்த்திருக்கிறார்கள். ஆசிரியர் வேலையை விட்டு எங்கும் போவதில்லை. அவர் இந்த வருஷம் எடுக்கிற பாடம், அவர் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள், அவர் திருத்துகிற விடைத்தாள் ஆகியவைதான் பயிற்சிக்கான பாடப்பொருள். கூடவே அனுபவமுள்ள ஒருவர் வந்து வகுப்பைப் பார்ப்பார், பேசுவார். ஆசிரியர் தான் செய்ததை, அதில் ஓடியதை, ஓடாததை எழுதிவைத்து, ஆதாரத்தோடு காட்டுவார். இதைத்தான் வேலையோடு சேர்ந்த பயிற்சி என்கிறார்கள்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று லேவாதேவிக் கடைகள் நடந்த காலத்தில் பையன்களை எந்தப் பயிற்சிக் கூடத்துக்கும் அனுப்பவில்லை. நேரே பெட்டியடிக்குத்தான், அதாவது கடையின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழகும் இடத்துக்குத்தான் அனுப்பினார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் சின்னச் சின்ன எடுபிடி வேலையிலிருந்து தொடங்கி, வட்டி போட்டு, பேரேடு எழுதி, ஐந்தொகை கட்டப் பழகி, இரண்டாம் நிலையான அடுத்தாள் ஆகி, அதற்கப்புறம்தான் கடையையே நடத்தும் மேலாள் என்ற இடத்துக்கு வந்தான். ஒரு கணக்கு, அதாவது ஒரு தவணை வேலை, பெரும்பாலும் மூன்று வருஷம். கணக்கை ஒப்புவித்துவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறுவான், அடுத்த கணக்குக்கு எந்த இடத்தில் போவான் என்பது போன கணக்கில் என்ன செய்தான் என்பதைப் பொறுத்தது. 1929-30இல் பர்மாவில் வங்கித் தொழிலை விசாரித்த மாகாணக் குழு, செட்டியார்களுக்கென்று அறிக்கையில் ஒரு தனி அத்தியாயமே ஒதுக்க வேண்டியிருந்தது.

அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, செட்டியார்கள் கடை வைத்திருந்த கிட்டங்கி என்ற கட்டடத்தின் அமைப்புதான். நீளமான ஒரே கூடம். பல கடைக்காரர்கள் வரிசையாகத் தங்கள் தங்கள் பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கடன் கேட்டு வந்தவனிடம் மேலாள் எப்படிப் பேசுகிறார், எதைக் கேட்கிறார், எங்கே சிரித்துக்கொண்டே இல்லை என்கிறார் என்பதெல்லாம் பையன் காதில் விழும். பக்கத்துக் கடைக்காரர் பேசுவதும் விழும். அவன் போடும் கணக்கும் அதே மாதிரி நாலு பேர் பார்க்கத்தான் கிடக்கும். வேலை கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் தொழில் பழகியது. கல்லூரி வகுப்பில் நிலைமை நேர் எதிர். கதவைச் சாத்தினால் உள்ளே ஆசிரியரும் மாணவர்களும் மட்டும்தான். முப்பது வருஷம் ஒரே காரிடாரில் பக்கத்துப் பக்கத்து அறையில் பாடம் எடுத்த இரண்டு பேர், ஒருவர் வகுப்பை இன்னொருவர் ஒரு முறைகூடப் பார்க்காமல் பணி ஓய்வு பெறுவது இங்கே சாதாரணம். பிரிவுபசார விழாவில் 'மிகச் சிறந்த ஆசிரியர்' என்று மைக்கில் சொல்வார்கள். யார் பார்த்தார்கள்?

பெட்டியடியை ரொம்பப் புகழவும் கூடாது. அந்தப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு இடமில்லை, சேர்வதற்கு உறவும் ஊரும் வேண்டும். அதைவிட, பார்த்துப் பழகுவதில் ஒரு ஆபத்து எப்போதும் உண்டு: பெரியவர் செய்ததை ஏன் என்று கேட்காமல் அப்படியே செய்வது. கல்லூரி ஆசிரியர்களிடம் இது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் சொன்னது இதைத்தான். ஆசிரியர் ஆகிற ஒவ்வொருவரும் அதற்கு முன் பல்லாயிரம் மணி நேரம் மாணவராக உட்கார்ந்து ஆசிரியர்களைப் பார்த்தவர்; அதையே பயிற்சி என்று நினைத்துக்கொள்கிறார். ஆனால் பெஞ்சிலிருந்து பார்த்தவருக்கு மேடையில் நடந்தது மட்டும்தான் தெரியும், அந்த ஆசிரியர் முதல் நாள் இரவு எதை விட்டார், எதைச் சேர்த்தார், ஏன் அந்த உதாரணத்தைப் போட்டார் என்பதெல்லாம் தெரியாது. நமக்கு நோட்ஸ் சொல்லி எழுதவைத்தவரிடம் படித்துவிட்டு வந்த நாமும் நோட்ஸ் சொல்லி எழுதவைக்கிறோம்.

அதனால்தான் வெறுமனே கூட இருந்து பழகினால் போதாது, செய்ததைத் திரும்பிப் பார்த்து யோசிக்கவும் வேண்டும் என்றார்கள். இந்த வாதத்தை அழுத்தமாக வைத்தவர் அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷோன், 1983இல். டாக்டர், கட்டடக் கலைஞர் மாதிரியான தொழில்காரர்கள் படித்த கோட்பாட்டை அப்படியே எடுத்துப் பொருத்துவதில்லை, வேலை நடக்கும்போதே அது கைநழுவுவதைக் கவனித்து அந்த இடத்திலேயே மாற்றிக்கொள்கிறார்கள், முடிந்த பிறகும் அதை அசைபோடுகிறார்கள், தொழிலறிவு என்பதே அங்கேதான் உருவாகிறது என்றார். இன்றைக்கு உலகத்தில் கல்லூரி ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சிகளில் பல அவர் பெயரைச் சொல்லாமல் ஆரம்பிப்பதில்லை, சில இடங்களில் அது வெறும் மந்திரமாகவும் போய்விட்டது.

பிரிட்டனில் 1997இல் டியரிங் குழு உயர்கல்வி பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. கல்லூரி ஆசிரியர்களின் கற்பித்தலுக்கு அங்கீகாரம் தரும் ஒரு நிறுவனம் வேண்டும் என்று அதில் கேட்டார்கள். அதிலிருந்து கிளம்பி, 2006இல் நாடு முழுக்கப் பொதுவான ஒரு தொழில் தகுதிச் சட்டகம் வந்தது, பிறகு 2011லும் 2023லும் திருத்தினார்கள். அங்கே பல பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேரும் விரிவுரையாளர் முதல் ஓரிரு வருஷத்துக்குள், வேலை பார்த்துக்கொண்டே, கற்பித்தலில் ஒரு முதுநிலைச் சான்றிதழ் படிக்க வேண்டும். எழுதுவது தன் வகுப்பைப் பற்றித்தான்: தன் பாடத்திட்டம், தன் வினாத்தாள், சக ஆசிரியர் வந்து பார்த்த குறிப்பு, மாணவர்கள் சொன்னது. நார்வேயில் 2019இலிருந்து பல்கலைக்கழக வேலைக்குக் குறைந்தது 200 மணி நேரக் கற்பித்தல் பயிற்சி தேவை என்று விதியே உண்டு. அங்கேயெல்லாம் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஆராய்ச்சிக்கு இருக்கும் மரியாதை இதற்கு இல்லை, சும்மா பக்கம் நிரப்புகிறோம் என்று அவர்களும்தான் புலம்புகிறார்கள்.

பலன் உண்டா? கிரஹாம் கிப்ஸும் மார்ட்டின் காஃபியும் 2004இல் வெளியிட்ட ஆய்வைத்தான் இந்தக் கேள்விக்கு எல்லாரும் எடுத்துக் காட்டுவார்கள். 8 நாடுகளில் 22 பல்கலைக்கழகங்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் மெல்ல மெல்ல, தான் என்ன சொல்கிறேன் என்பதிலிருந்து மாணவர் என்ன கற்கிறார் என்பதற்கு நகர்ந்திருந்தார்கள், அவர்களுடைய மாணவர்களிடமும் மாற்றம் தெரிந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது பயிற்சி பெறாத ஆசிரியர்களைப் பற்றிய பகுதி. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், சில விஷயங்களில் பின்னுக்கும் போயிருந்தார்கள். அனுபவம் தானாகவே ஆளைத் தேற்றிவிடும், இரண்டு வருஷம் போனால் சரியாகிவிடுவார் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அது அப்படி நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நம் ஊரில் இது எப்படி இருக்கும் என்று காட்ட நான் பார்த்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். முதலாண்டு பி.காம்., மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியட், பாடம் தேய்மானம். ஆசிரியர் இளைஞர், நன்றாகத் தயாரித்து வந்திருந்தார். ஒரு லட்ச ரூபாய் இயந்திரம், குறைந்து செல் மீதி முறையில் வருஷத்துக்குப் பத்து சதவீதம் கழிக்க வேண்டும். முதல் வருஷம் 10,000. மீதி 90,000. இரண்டாம் வருஷம் 9,000. 'புரியுதா?' என்றார். 'புரியுது சார்' என்று கோரஸ். மூன்றாம் வருஷம் 8,100 என்று முன்பெஞ்சில் ஒரு பெண் சொல்ல, கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.

பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது தமிழ்த்துறை மேடம். இரண்டு பேரும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு, முதல்வரோ கமிட்டியோ சொல்லி வந்ததில்லை. அவர் கையில் ஒரு தாள், மூன்று பத்தியாகக் கோடு போட்டது. முதலில் நேரம், நடுவில் ஆசிரியர் செய்தது, கடைசியில் மாணவர்கள் செய்தது. நடுப்பத்தி நிறைய எழுத்து. கடைசிப் பத்தியில் முக்கால்வாசி இடத்தில் 'எழுதிக்கொள்கிறார்கள்' என்றே இருந்தது. மேடத்துக்குக் கணக்குப்பதிவியல் சுத்தமாகத் தெரியாது, அதுதான் அனுகூலம். பாடத்தில் தப்புப் பிடிக்க முடியாததால் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்து மரத்தடியில் டீ குடிக்கும்போது மேடம் விமரிசனம் எதுவும் சொல்லவில்லை. 'சார், மூணாம் வருஷத்துக்கு 8,100ன்னு எத்தனை பேர் போட்டாங்க?' என்று மட்டும் கேட்டார். எல்லாரும்தான் என்றார் இவர். 'எனக்குப் பக்கத்துல இருந்த ரெண்டு பேரும் 8,000ன்னு போட்டிருந்தாங்க சார், நீங்க போர்டுல எழுதினதும் அடிச்சுட்டு மாத்திட்டாங்க.'

அடுத்த வகுப்பில் அந்த இளம் ஆசிரியர் வேறு கணக்கு ஒன்றைக் கொடுத்து, ஆளுக்கு அரைத்தாளில் மூன்று வருஷத் தேய்மானத்தையும் எழுதி, பெயர் போடாமல் கொடுக்கச் சொன்னார். வந்த தாள்களில் கணிசமானவை அதே மாதிரிதான் தப்பாக இருந்தன. முதல் வருஷத்துக்கும் இரண்டாம் வருஷத்துக்கும் எவ்வளவு குறைந்ததோ அதே அளவு அடுத்த வருஷமும் குறையும் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். 10,000, 9,000, அப்புறம் 8,000தானே? யோசித்துப் பார்த்தால் முட்டாள்தனமான தப்பே இல்லை, ஒரு ஒழுங்கு தெரிகிறது, அதைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சதவீதம் எதன் மேல் போடப்படுகிறது என்ற ஒரே இடத்தில்தான் வழுக்கல். அந்த இடத்தை விட்டுவிட்டு இன்னும் பத்துக் கணக்கு போட்டிருந்தாலும் பத்துக்கும் 'புரியுது சார்' என்றுதான் வந்திருக்கும்.

இதில் புதுத் தத்துவம் ஒன்றும் இல்லை. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார், அதை மூன்று வினாடி ஆக்கினாலே பதில் சொல்கிறவர்களும் பதிலின் நீளமும் கூடுகிறது என்று மேரி பட் ரோ என்பவர் 1970களிலேயே காட்டியிருக்கிறார். பி.எட். படித்தவர்கள் எல்லாரும் பரீட்சைக்கு இதை எழுதியிருப்பார்கள். ஓரியன்டேஷனிலும் ஸ்லைடு போட்டுச் சொல்வார்கள். நான் பார்த்த அந்த ஆசிரியருக்கும் அது தெரிந்திருக்கலாம். ஆனால் காத்திருக்காததைத் தன் வகுப்பில் தானே பார்க்க முடியாது, பேசிக்கொண்டிருப்பவருக்கு ஒரு வினாடியே ரொம்ப நேரமாகத்தான் தெரியும். அதை வெளியிலிருந்து ஒரு ஆள்தான் சொல்ல முடியும்.

அப்படியிருந்தும் இது ஏன் பரவவில்லை? முதல் காரணம் பயம். வகுப்பில் இன்னொரு ஆசிரியர் வந்து உட்கார்ந்தால், 'என்ன சார், இன்ஸ்பெக்‌ஷனா?' என்றுதான் காரிடாரில் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தைச் சோதிக்கும் கல்வி அதிகாரியான ஏ.இ.ஓ. வந்த நாளில் தலைமையாசிரியர் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பார்வையிடுகிறவர் துறைத்தலைவராக இருந்துவிட்டால் போச்சு, அன்றைக்கு நடப்பது பாடம் இல்லை, நாடகம். மாணவர்களுக்கும் அது தெரியும், அவர்களும் அன்றைக்கு நன்றாக நடிப்பார்கள். எனவே இதில் ஒரு விஷயம் கறாராக இருக்க வேண்டும் என்பது என் கருத்து: அந்த மூன்று பத்தித் தாள் யார் வகுப்போ அவருக்குத்தான் சொந்தம். முதல்வர் அறைக்கோ பதவி உயர்வு ஃபைலுக்கோ போகக் கூடாது. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் கமிட்டிக்குக் காட்டவும் கூடாது. போனால் அடுத்த வாரமே எல்லாரும் ஒருவருக்கொருவர் 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்து, ஜியோ டேக் போட்ட ஃபோட்டோ எடுத்து ஃபைலில் ஒட்டிவிடுவார்கள். அந்தக் கலையில் நமக்கு யாரும் பயிற்சி தர வேண்டியதில்லை.

இரண்டாவது, நேரம். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு என்பது யுஜிசி கணக்கு, அதற்கு மேல் இன்டெர்னல் மதிப்பெண், அட்மிஷன் வேலை, தேர்வு மேற்பார்வை, என்.எஸ்.எஸ்., தேர்தல் வந்தால் தேர்தல் பணி. புது ஆசிரியரோடு உட்காருகிற மூத்தவருக்கு அந்த நேரத்தை வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாவிட்டால், நல்ல மனசு உள்ள ஓரிருவர் கொஞ்ச நாள் செய்வார்கள், அப்புறம் விட்டுவிடுவார்கள். பெட்டியடியில் கற்றுக்கொடுத்த மேலாளுக்கும் பையன் தேறினால் லாபம் இருந்தது, அவர் சும்மா தர்மத்துக்குச் செய்யவில்லை.

பொறியியல் பக்கம் கொஞ்சம் முன்னே போயிருக்கிறார்கள். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ, புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு எட்டுத் தொகுதிப் பயிற்சி ஒன்றை ஸ்வயத்தில் வைத்து, அதோடு ஒரு வழிகாட்டியின் கீழ் பயிற்சி, தொழிற்சாலையில் பயிற்சி என்று சேர்த்திருக்கிறது. காகிதத்தில் பார்க்க நன்றாகவே இருக்கிறது. வழிகாட்டி என்று பெயர் போட்டுக் கையெழுத்து வாங்குவதோடு நிற்குமா, இல்லை அவர் உண்மையிலேயே வகுப்புக்குள் காலெடுத்து வைப்பாரா என்பது ஒவ்வொரு கல்லூரியின் குணத்தைப் பொறுத்தது.

காரைக்குடியில் இதற்கு வேண்டிய சரக்கெல்லாம் பக்கத்துப் பக்கத்திலேயே கிடக்கிறது என்பதுதான் எனக்கு ஆதங்கம். அழகப்பச் செட்டியார் 1947இல் கலைக் கல்லூரியைத் தொடங்கி, அடுத்த சில வருஷத்துக்குள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி என்று கொண்டுவந்து, மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1985இல் அந்தக் கல்லூரிகளிலிருந்து அழகப்பா பல்கலைக்கழகமும் பிறந்தது. பி.எட். மாணவர்களைச் சின்னக் குழுவுக்குச் சில நிமிஷம் பாடம் நடத்திப் பார்க்கும் நுண்ணிலைக் கற்பித்தல் செய்யவைத்து, மாற்றி நடத்தவைத்து, மறுபடி பார்க்கிற கல்வியியல் ஆசிரியர்கள் ஒரு பக்கம். அதே ஊரில் வேதியியலும் வணிகவியலும் நடத்துகிறவர்கள் இன்னொரு பக்கம். ஆய்வகத்திலேயே பி.டெக். வகுப்பு உண்டு, பாடம் எடுப்பவர்கள் விஞ்ஞானிகள். பள்ளி ஆசிரியர் ஆகப்போகிற பிள்ளைக்குச் செய்கிற அந்தக் கவனிப்பை நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் பேராசிரியருக்கும் செய்யலாமே என்றால், 'அது ஸ்கூல் டீச்சருக்குத்தானே' என்ற கௌரவம் குறுக்கே நிற்கிறது.

கௌரவம் என்றதும், நிரந்தரப் பணி இல்லாமல் தொகுப்பூதியத்தில் பாடம் எடுக்கும் கௌரவ விரிவுரையாளர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அரசுக் கல்லூரிகளில் கணிசமான வகுப்புகளை எடுப்பது இவர்கள்தான். சுயநிதிப் பிரிவுகளில் அதே மாதிரி தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். இவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது, அதனால் மேலே சொன்ன 21 நாள் கணக்கும் பொருந்தாது, அந்தப் பயிற்சிக்குப் போனால் பல இடங்களில் சம்பளமும் கிடைக்காது. பயிற்சியைப் பதவி உயர்வோடு கட்டிப்போட்டதால் வந்த வினை இது. முதலாண்டு வகுப்புகளை, அதாவது பிள்ளைகள் தடுமாறுகிற வருஷத்து வகுப்புகளை, இவர்கள் தலையில்தான் அதிகம் கட்டுகிறார்கள். வேலையோடு சேர்ந்த பயிற்சிக்கு விடுப்பு வேண்டாம், பயணப்படி வேண்டாம், ஆகவே இவர்களையும் சேர்த்துக்கொள்ள முடியும். ஆனால் அந்த மணி நேரத்துக்குக் கூலி கொடுக்காமல் அதையும் இன்னொரு ஓசி வேலையாக அவர்கள் மேல் ஏற்றினால், செய்யாமல் இருப்பதே மேல்.

செலவு பெரிதாக ஒன்றுமில்லை என்பதால் பெரிய உத்தரவுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. ஜூன் மாதம் டைம்டேபிள் போடும்போது, வேறு வேறு துறையில் இருக்கும் இரண்டு இரண்டு பேருக்கு, ஒருவர் வகுப்பெடுக்கும் நேரத்தில் இன்னொருவருக்கு வாரத்தில் ஒரு பீரியட் காலியாக இருக்கும்படியும், அதற்கு அடுத்த பீரியட் இரண்டு பேருக்குமே காலியாக இருக்கும்படியும் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்த கையோடு பேச அந்த அடுத்த பீரியட் இல்லையென்றால் நடக்காது, சாயங்காலம் பேசலாம் என்றால் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள். டைம்டேபிள் போடும் வேலையைப் பெரும்பாலான துறைகளில் இருப்பதிலேயே இளைய ஆசிரியரிடம்தான் தள்ளிவிட்டிருப்பார்கள். துறைத்தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் அவரே இதையும் பொருத்திப் போட்டுவிடுவார்.